லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால்: தெரிஞ்சவங்க பகிருங்க

ஜார்ஜ் டவுன் கோர்ட் வக்கீல்:
"லோடு பண்ணியிருந்தாதானே சார் கேஸு?" வியாசர்பாடி, புளியந்தோப்புல பையன் பிடிபட்டதும் வீட்டுக்காரங்க முதல்ல கேக்குறது இதுதான். அப்படி இல்லீங்க. 1959 ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவுப்படி துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேணும், தோட்டாவுக்கும் வேணும். காலித் துப்பாக்கி மட்டும் இருந்தாலும் குற்றம், தெரிஞ்சே பாக்கெட்ல ஒத்தைத் தோட்டா வெச்சிருந்தாலும் குற்றம். தண்டனை 25(1பி)(ஏ)-ல வரும்: குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம், அதோட அபராதம். 2019 திருத்தத்துக்கு முன்னாடி இது 1 முதல் 3 வருஷம்தான். அந்தக் கணக்கை நெனச்சுக்கிட்டு "சின்ன கேஸும்மா, ரெண்டு நாள்ல வெளிய வந்துடுவான்"னு சொல்ற புரோக்கர்கிட்ட காசு கட்டாதீங்க. இது ஸ்டேஷன்லயே ஜாமீன்ல விடக்கூடிய குற்றம் இல்ல, கோர்ட்லதான் ஜாமீன் கேக்கணும்.

உள்ள தோட்டா இருந்தா பெயில் மனுவுலதான் அடி விழும். "சுடத் தயாரா வந்தான்"னு அரசுத் தரப்பு நிப்பாங்க. சுட்டுட்டா 27-ஆம் பிரிவு, 3 முதல் 7 வருஷம். ஆட்டோமேட்டிக் மாதிரி தடை செஞ்ச ரகம்னா, கையில வெச்சிருந்ததுக்கே 7 முதல் 14.

ஸ்டேஷன் ரைட்டர் (ஓய்வு):
கேஸ் நிக்கிறதும் விழறதும் மகஜர்லதான், அதாவது சாட்சிங்க முன்னாடி கைப்பற்றினதை எழுதுற பத்திரத்துலதான். துப்பாக்கியைக் கைப்பற்றினதும் தோட்டாவை வெளிய எடுத்து எத்தனைன்னு எண்ணி எழுதணும். பேரல்ல நம்பர் இருந்தா அதைக் குறிக்கணும். நாட்டுத் துப்பாக்கின்னா "நம்பர் இல்லை"ன்னு எழுதி, நீளம், பிடி எந்த மரம்னு அடையாளம் சொல்லணும். துப்பாக்கி தனித் துணியில, தோட்டா தனித் துணியில. அரக்கு சீல், சாட்சிங்க கையெழுத்து. அப்புறம்தான் கோர்ட் வழியா மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே பாக்குறது, இது சுடக்கூடிய நிலைமையில இருக்கா, தோட்டா உயிரோட இருக்கான்னுதான். மகஜர்ல மூணு தோட்டா, ஆய்வக ரிப்போர்ட்ல ரெண்டுன்னு வந்தா எதிர்த்தரப்பு அதையேதான் பிடிச்சுக்கும். 2024 ஜூலை 1-லேர்ந்து கைப்பற்றுறதை வீடியோவும் எடுத்தாகணும்.

இன்னொண்ணு, 39-ஆம் பிரிவு. 3-ஆம் பிரிவு மீறல்னா மாவட்ட மாஜிஸ்திரேட் முன் அனுமதி இல்லாம வழக்கு நடத்த முடியாது. சென்னையில அந்த அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. கைது பண்ண அந்த அனுமதி தேவையில்ல.

ஜார்ஜ் டவுன் கோர்ட் வக்கீல்:
ரைட்டர் ஐயா சொன்னதோட குடும்பத்துக்கு ஒண்ணு சேர்த்துக்கிறேன். கைதுக்கான காரணத்தை எழுத்துல கேளுங்க. 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தியாகணும். வெத்துத் தாள்ல யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. வக்கீல் வைக்க வசதி இல்லேன்னா 15100-க்குப் போன் போடுங்க, காவல்ல இருக்கிறவங்களுக்கு இலவச வக்கீல் உரிமை. 25(1பி) மட்டும்னா, ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணி 60 நாள் முடிஞ்சும் குற்றப்பத்திரிகை வரலேன்னா ஜாமீன் கேக்குறது உரிமை. ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே ஜாமீன் மனு போடணும். வந்தப்புறம் போட்டா அந்த உரிமை போச்சு. பழைய கேஸ் இருக்கிற பையன்னா 1982 குண்டர் சட்டமும் பாயலாம், 12 மாசம் வரைக்கும். அப்போ பெயில் கிடைச்சாலும் புழல்ல இருந்து வெளிய வர முடியாது.

"பொருளைக் கொஞ்சம் வண்டியில வெச்சுக்கோ மச்சி"ன்னு கேக்குறாங்களே, அங்கேதான் ஒண்ணும் அறியாத பசங்க சிக்குறாங்க, பாக்கவே மனசு ஆறல. ஆயுதச் சட்டம் 35-ஆம் பிரிவைப் படிங்க: பல பேர் சேர்ந்து வெச்சிருக்கிற வண்டியிலயோ வீட்லயோ ஆயுதம் இருந்து, அது இவனுக்குத் தெரியும்னு நம்பக் காரணம் இருந்தா, இல்லேன்னு நிரூபிக்க வேண்டிய பாரம் இவன் தலையில.

லைசென்ஸ்தாரர், பெரம்பூர்:
லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கும் சொல்லணும். லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்ல. அப்பா துப்பாக்கியை ரிப்பேருக்கோ புதுப்பிக்கவோ மகன் எடுத்துட்டுப் போனா அப்பா கூட இருக்கணும், இல்லாட்டி அவர் எழுத்துல அனுமதி கொடுத்திருக்கணும். அப்பா காலமாயிட்டா "நினைவா இருக்கட்டும்"னு பீரோல வைக்காதீங்க. தாமதிக்காம ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க, வாரிசு பேர்ல லைசென்ஸ் அப்புறம் கேட்டுக்கலாம். ரோட்டுல கொண்டு போறப்ப 2016 விதிப்படி உறையில முழுசா மூடியிருக்கணும். கல்யாண ஊர்வலத்துல வானத்தைப் பாத்து சுட்டா 2 வருஷம் வரை சிறை, இல்ல 1 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமே.