உணவு ஒவ்வாமைக்கும் மெனியர் நோய்க்கும் தொடர்பு உண்டா? அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு மெனியர் நோய் இருப்பதாகக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கூறியிருக்கிறார். தலைசுற்றல் வந்தால் சில மணி நேரம் நீடிக்கிறது. இடது காது அடைத்து, உள்ளே இரைச்சல் கேட்க, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தபடி கண்களை மூடிப் படுத்துவிடுகிறார். பார்க்கவே மனம் பதைக்கிறது.

உள்காதில் திரவம் மிகுவதை இந்நோயுடன் தொடர்புபடுத்துகிறார்கள். அத்திரவத்தைச் சமன்செய்யும் சிறு பைக்கு நோய் எதிர்ப்பிலும் பங்கு உண்டு என்பதால், ஒவ்வாமை அதைப் பாதிக்கக்கூடும் என்ற கருத்து மருத்துவர்களிடையே நெடுநாளாக இருக்கிறது. ஆனால் அது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை.

வேர்க்கடலைச் சட்னி சாப்பிட்டால் அம்மாவுக்கு உடம்பெல்லாம் அரித்துத் தடிக்கும். அதை அடியோடு நிறுத்திய பிறகு தலைசுற்றலும் குறைந்திருக்கிறது. ஆனால் மருத்துவர் அறிவுரைப்படி உப்பைக் குறைக்க ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றையும் அதே சமயத்தில் விட்டுவிட்டதால், எது பலன் தந்தது என்று பிரித்தறிய முடியவில்லை. தானாகவே சில காலம் அடங்கியிருப்பதும் இந்நோயின் இயல்புதான்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்நோயும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருந்தால், தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை பயன்பட்டதா, மருத்துவர் மேற்பார்வையில் உணவை விலக்கியபோது கேட்கும் திறனிலும் மாற்றம் தெரிந்ததா என்று தயவுசெய்து எழுதுங்கள். வேலூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர்களைத் தெரிந்தவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.