“ரீச்சர்” என்று கூப்பிட்ட குரல்: மண்டபம் கரையில் இறங்கியவர்களைப் பின்னாளில் சந்தித்த அனுபவங்கள்

மண்டபம், ஓய்வு பெற்ற ஆசிரியை:

மண்டபம் கேம்ப் நிறுத்தத்தில் ராமேஸ்வரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “ரீச்சர்!”

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ‘டீச்சர்’ என்பார்கள். ‘ரீச்சர்’ என்று கூப்பிட்டதெல்லாம் இலங்கை அகதி முகாம் பிள்ளைகள்தான். திரும்பிப் பார்க்குமுன்பே மனசு 1990க்குப் போய்விட்டது.

ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் தலைக்கு மேல் வளர்ந்த மகன். நான் அடையாளம் தெரியாமல் விழிப்பதைப் பார்த்துவிட்டு, “ஹெலி வந்தா பெஞ்சுக்குக் கீழ பூருவன், ஞாபகம் இருக்கோ ரீச்சர்?” என்றாள். எப்படி மறக்கும்?

அந்த வருடம் ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டதும் படகு படகாக வந்து இறங்கினார்கள். என் ஐந்தாம் வகுப்பில் நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேர். உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பினால் போதும், முகாம் பிள்ளைகள் அத்தனை பேரும் சத்தமில்லாமல் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள், சிரித்தவர்களில் ஒருத்தன் தானும் கீழே இறங்கி, பக்கத்துப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் காட்சி மட்டும் நேற்றுப் பார்த்ததுபோல இருக்கிறது.

இவள் 1993-ல் போய்விட்டாள். அப்பா முன்னாலேயே கனடா போய், அங்கே அகதி கேஸ் கொடுத்து, அது எடுபட்டதும் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டார். ராத்திரி பேக்கரி வேலை, பகலில் ஆபீஸ் கூட்டித் துடைக்கும் வேலை என்று அவர் பல வருடம் இரட்டை வேலை பார்த்தாராம். இவள் இப்போது டொராண்டோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஸ்கார்பரோவில் சொந்த வீடு. மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்.

அவள் என்னைத் தேடி வரவில்லை. கணக்கில் அவளுக்குப் போட்டியாக இருந்த பையனைத் தேடி வந்திருந்தாள். அவன் எங்கேயும் போகவில்லை, முகாமில்தான் இருக்கிறான். வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அலைய நேரமில்லை. போன் போட்டு அவனை வெளியே வரச் சொன்னேன்.

டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். பெயிண்டர். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அந்த வேலைதான், சாரம் கட்டி வெயிலில் தொங்குவது. நகக்கண்ணெல்லாம் வெள்ளை. அவள் போனில் தன் வீட்டுப் படத்தைக் காட்டினாள். அவன் இரண்டு விரலால் பெரிதாக்கி, ஆளையெல்லாம் விட்டுவிட்டுச் சுவரையே பார்த்தான். “இது சிமெண்ட் பூச்சு இல்லப்போல. என்ன சுவர்?” என்று கேட்டான். உள்சுவர் முழுக்க ஜிப்சம் அட்டைப்பலகை, அதன்மேல் உருளையால் பெயிண்ட் ஓட்டுவார்கள் என்று அவள் சொன்னாள். “மூலையில பிசிறு இல்லாம எடுத்திருக்கான், நல்ல வேலைக்காரன்” என்றான். அங்கே பெயிண்டருக்கு மணிக்கணக்கில் கூலி என்று சொல்ல வந்தவள், தொகையைச் சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் வகுப்பில் அவளைவிட இவன்தான் கெட்டி. நான் திருத்திய தாள், எனக்குத் தெரியும்.

வெளிநாட்டில் முன்னுக்கு வந்த அகதிகளைப் பற்றிப் பேசும்போது உழைப்பு, கல்வி, விடாமுயற்சி என்று அடுக்குகிறோம். எல்லாம் உண்மை, அவள் குடும்பம் உழைத்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவனும் உழைத்தான். அவளுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்து, மூன்று வருடம் கழித்துக் குடியுரிமைக்கு எழுதிப்போட முடிந்தது. இவன் முப்பத்தைந்து வருடமாக அகதிப் பதிவேட்டில் இருக்கிறான். 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றி, பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்ல காரியம்தான், வரவேற்கிறேன். பதிவேடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்துக்கு ‘கேம்ப்’ என்ற பெயர் வந்ததே வெள்ளைக்காரன் காலத்தில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்களை நிறுத்தி வைத்து, காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் இது. போனவர்களும் வந்தவர்களும் ஒரே வாசலில்தான் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இந்தக் கரையில் இறங்கிப் பிறகு எங்கெங்கோ வாழ்வு அமைத்துக்கொண்டவர்களை நீங்கள் சந்தித்திருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

தங்கச்சிமடம், படகுக்காரர்:

டீச்சர் எழுதுனதப் படிச்சதும் எங்கப்பா ஞாபகம் வந்துருச்சு. தனுஷ்கோடிக்கு அந்தாண்ட மணல் திட்டு வரிசையா கிடக்குல்ல, அங்கிட்டுப் படகுக்காரங்க ராத்திரியோட ராத்திரியா சனங்கள அதுல எறக்கி விட்டுட்டுத் திரும்பிருவாங்க. கரைன்னு நெனச்சு எறங்குவாங்க, விடிஞ்சு பாத்தா சுத்திலும் தண்ணி. 2022-ல இலங்கையில அரிசி, மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடு வந்து சனங்க கெளம்புனப்பவும் இதேதான் நடந்துச்சு.

90-ல எங்கப்பா அப்படி ஒரு திட்டுலேர்ந்து மன்னார்த் தீவுப் பேசாலைக்காரக் குடும்பம் ஒண்ணக் கொண்டு வந்தாரு. அங்கயும் கடத்தொழில்தான். பெரிய பையனுக்குப் பதினேழு வயசு. எங்க வீட்டுல கஞ்சி குடிச்சுட்டு, சும்மா இருக்க மாட்டாம, எங்கப்பாவோட உக்காந்து கிழிஞ்ச வலையெல்லாம் பொத்திக் குடுத்தாரு. அவங்க பின்னுற முடிச்சு வேற மாதிரி இருக்கும். எங்கப்பா அத அவருகிட்டக் கத்துக்கிட்டு கடைசி வரைக்கும் அப்படித்தான் போட்டாரு.

அந்தப் பையன் நார்வேக்குப் போயிட்டாரு. வடக்கு ஓரத்துல மீன் கம்பெனி. நம்ம தமிழ் ஆளுங்க நெறயப் பேரு ஆரம்பத்துல அங்கதான் வேலைக்கு நின்னாங்களாம், உள்ளூர்க்காரன் குளிருக்கும் கவிச்சிக்கும் பயந்து விட்டுட்டுப் போன வேலை. “அண்ணே, மீன் வெட்டுறதுதான், நமக்குப் புதுசா என்ன? கைதான் விறைச்சுப்போகும்”ம்பாரு போன்ல. அங்க கருவாட்டுக்கு உப்பே போட மாட்டாங்களாம். தலைய வெட்டிட்டு ரெண்டு ரெண்டா வாலக் கட்டி மரச்சட்டத்துல தொங்க விட்டா, குளிர்காத்துலயே மாசக்கணக்குல காயுமாம். எங்கம்மா நம்பவே இல்ல. “உப்பில்லாமக் கருவாடா, புழு வச்சிராது?”ன்னு கேட்டுச்சு. அந்தக் குளிருக்கு ஈயே இல்லன்னு அவரு படம் அனுப்பிச்சாரு. இப்ப அதே கம்பெனியில மேஸ்திரி.

2015-ல யாழ்ப்பாணத்துல பொறந்த கம்சாயினி குணரட்ணம் ஒஸ்லோவுக்குத் துணை மேயரா வந்தப்ப அவருதான் போன் போட்டுச் சொன்னாரு. மூணு வயசுல போன பிள்ளையாம். 2021-ல அவங்க நாட்டு நாடாளுமன்றத்துக்கும் ஜெயிச்சு வந்துட்டாங்க. “நாங்க மீன் வெட்டுனம், எங்கட பிள்ளையள் சட்டம் போடுதுகள்”னு அழுதுட்டாரு. எங்கப்பா செத்தப்ப அங்கேர்ந்து வந்து மூணு நாள் இருந்தாரு. வலை பொத்துற ஊசிய எடுத்துப் பாத்துட்டு அதே எடத்துல வச்சாரு.

கீழக்கரை:

முகாம் பிள்ளைகள் ரொட்டியைப் ‘பாண்’ என்று சொல்லக் கேட்டு நாங்கள் சின்ன வயதில் கேலி செய்திருக்கிறோம். வருத்தமாக இருக்கிறது. எங்கள் மச்சான் பாரிஸில் லா ஷப்பல் பக்கம் கடை வைத்திருக்கிறார். 2023-ல் பாரிஸ் நகரத்தின் மிகச் சிறந்த நீள ரொட்டி, அதான் பகெத், அதற்கான பரிசை வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையில் பிறந்து 2006-ல் அங்கே போனவர். அந்தப் பரிசு வாங்கினால் ஒரு வருடம் அந்நாட்டு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமையும் உண்டு. பிரான்ஸ்காரனுக்கே அவன் ரொட்டியைச் சுட்டுக் கொடுத்துப் பெயர் வாங்குவது சாதாரணமா!

கூடலூர், நீலகிரி:

நாங்கள் வேறு வகை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று முடிவானது. எங்கள் தாத்தா, அப்பா எல்லாம் அதில் ஒரு எண். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் தங்கி, இங்கே வந்தார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று காகிதத்தில் எழுதியிருந்தது. தாத்தா பிறந்ததே இலங்கையில், நுவரெலியா தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், அவருக்கு இதுதான் புது நாடு. இவர்களுக்காகவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இந்தக் காட்டுச் சரிவை வெட்டித் தேயிலை நட்ட கை அவர்களுடையது. இன்றும் ஊரில் எங்களைச் ‘சிலோன்காரர்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பாட்டியிடம் வாக்காளர் அட்டை இருந்தது, அப்பா அரசுப் பள்ளியில் ஆசிரியரானார், நான் வங்கியில் இருக்கிறேன். டீச்சர் சொன்ன அந்தப் பெயிண்டர் அண்ணனை நினைத்தால், காகிதம் கையில் இருந்ததன் அருமை இப்போதுதான் உறைக்கிறது.

கோவை அருகே ஒரு முகாம்:

வணக்கம் டீச்சர். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. பி.காம் முடித்திருக்கிறேன். போன வருடம் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு முடிந்து, வேலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் கொடுக்கும் நாளில் என் அடையாள அட்டையைப் பார்த்த அம்மா எதிரில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், பிறகு என்னிடம் “நாங்களே கூப்பிடுறோம்மா” என்றார். கூப்பிடவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். என் வேலையில் குறையில்லை, முதலாளி மரியாதையாக நடத்துகிறார்.

என் அம்மா 1984-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். அறையிலேயே பிரசவம், பிறப்பைப் பதியவில்லை. 1989-ல் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாராம். பிறகு எங்களை இந்த முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். நான் பிறந்தது 2003 டிசம்பரில், கோவை அரசு ஆஸ்பத்திரியில். எனக்குச் சான்றிதழ் இருக்கிறது. மண்டபத்தில் 1986-ல் பிறந்த ஒரு அக்கா கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார் என்று படித்தேன். எங்கள் அம்மாவுக்கும் வழி இருக்கிறதா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மண்டபம், ஓய்வு பெற்ற ஆசிரியை:

மகளே, நல்லவேளை எழுதினாய்.

சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன், பக்கத்தில் எழுதி வைத்துக்கொள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன், பெற்றோர் யார் என்ற கேள்வி இல்லை. அந்த அக்காவுக்குக் கோர்ட்டில் கை கொடுத்தது இதுதான். உன் அம்மா அதற்குள் வருகிறார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். உன் பிறந்த தேதியை எண்ணிப் பார். அம்மாவுக்கு நிரூபணமானால் உனக்கும் வழி திறக்கும். தானாக நடக்காது, உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டி வரலாம். இந்த மாதிரி வழக்கு நடத்திய வழக்கறிஞரை விசாரித்துச் சொல்கிறேன்.

என் பெயிண்டர் மாணவனுக்கு இது பொருந்தாது. அவன் பிறந்தது யாழ்ப்பாணத்தில். அவனிடம் போன வாரமே சொன்னேன். “பரவாயில்ல ரீச்சர், வேற ஆருக்கும் உதவும்” என்றான்.

இப்போது நீ செய்ய வேண்டியது: அம்மாவின் பெயர், தாத்தா பெயர், சேர்ந்த வருடம் மூன்றையும் எனக்குத் தனியாக அனுப்பு. 1989-ல் நான் அந்தப் பள்ளியில்தான் இருந்தேன். அட்மிஷன் ரெஜிஸ்டரில் பிறந்த தேதி, பிறந்த ஊர் இரண்டும் எழுதுவோம். ‘மண்டபம்’ என்று அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழையில் ஓடு ஒழுகி பீரோ நனைந்த வருடம் பழைய ரெஜிஸ்டர்களை எடுத்து பிளாஸ்டிக் பையில் சுற்றி மேல்தட்டில் வைத்தவள் நான்தான். திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் போய்த் தலைமையாசிரியரிடம் பீரோ சாவி கேட்கிறேன்.