விஸ்கான்சின் நீதிபதி தேர்தல்: வாக்குச்சீட்டில் கட்சி இல்லை, மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது

மேடிசன்வாசி:
2025 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரே ஓர் இடத்துக்குத் தேர்தல். மொத்தச் செலவு ஏறக்குறைய 10 கோடி டாலர். வாக்குச்சீட்டில் சூசன் கிராஃபோர்ட், பிராட் ஷிமெல் என்று பெயர்கள் மட்டும்தான். ஆனால் கிராஃபோர்டுக்குப் பின்னால் ஜனநாயகக் கட்சி, ஷிமெலுக்குப் பின்னால் டிரம்ப்பும் மஸ்க்கும். எதற்கு இந்த வேஷம்? பேசாமல் ஆளுநரே நியமிக்கலாம்.

பழைய வக்கீல்:
ஆளுநர் மட்டும் வானத்திலிருந்து குதித்தவரா? அவரும் கட்சிக்காரர்தான். மஸ்க் தரப்பு 2 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. கிரீன் பே நகரில் இரண்டு வாக்காளர்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் காசோலையும் கொடுத்தார். அப்படியும் கிராஃபோர்ட் சுமார் 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். மக்களை விலைக்கு வாங்க முடியவில்லையே!

மேடிசன்வாசி:
வக்கீல் சார், பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். சோரோஸ், பிரிட்ஸ்கர் என்ற கோடீஸ்வரர்களின் பணமும் மாநில ஜனநாயகக் கட்சி வழியாக கிராஃபோர்ட் பக்கம் வந்ததே. தோற்றது ஒரு பணக்காரர், பணம் இல்லை.

ஏரிக்கரை:
எனக்குப் பணத்தைவிட இன்னொன்றுதான் உறுத்துகிறது. 2023-ல் இதே நீதிமன்றத்துக்குப் போட்டியிட்ட ஜேனட் புரோட்டாசிவிச் பிரசாரத்திலேயே சட்டமன்றத் தொகுதி வரைபடங்கள் மோசடி என்றார். ஜெயித்து வந்தார். அதே ஆண்டு டிசம்பரில், அவரும் சேர்ந்த 4-3 தீர்ப்பில் வரைபடங்கள் ரத்து. தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும், தோற்றவன் நம்புவானா?

பழைய வக்கீல்:
வாயை மூடிக்கொண்டால் மனதில் கருத்தே இல்லை என்று ஆகிவிடுமா? வேட்பாளர் சட்டப் பிரச்சினைகளில் தன் நிலைப்பாட்டைச் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்று 2002-லேயே மினசோட்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏரிக்கரை:
சொல்லட்டும். சொன்ன பிறகு அந்த வழக்கிலிருந்து விலகட்டும். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி முதலாளி 30 லட்சம் டாலர் செலவழித்து ஒருவரை ஜெயிக்க வைத்தார். அப்புறம் கம்பெனி வழக்கு அந்த நீதிபதியிடமே போனது. அந்த நீதிபதி விலகியிருக்க வேண்டும் என்று 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததா இல்லையா?

பழைய வக்கீல்:
அங்கே வழக்காடியவரின் பணம். இங்கே வெறும் பேச்சு. இரண்டும் ஒன்றா? இருப்பது ஏழு பேர். புரோட்டாசிவிச் விலகியிருந்தால் 3-3, பழைய வரைபடமே நின்றிருக்கும். விலகுவதும் ஒரு தீர்ப்புதான் தம்பி.

மேடிசன்வாசி:
சரி, பதவிக்காலம் 10 ஆண்டு. அதை ஒரே தடவையோடு நிறுத்தினால் என்ன? மறுபடி ஓட்டுக் கேட்கும் பயமாவது போகும்.

பழைய வக்கீல்:
அதற்கு நான் தயார். ஆனால் அந்த முதல் தடவையும் மக்கள் கையில்தான் இருக்க வேண்டும். இப்போதே நடுவில் இடம் காலியானால் ஆளுநர் ஒருவரே ஆளைப் போடுகிறார், மாநில செனட் ஒப்புதல்கூட வேண்டாம். அதை எல்லா இடத்துக்கும் நீட்டச் சொல்கிறீர்களா?