முதல் கட்டப் புற்றுநோய் மருந்துச் சோதனை: எங்கே பிசகுகிறது, ஏன்

புது மருந்தின் பாதுகாப்பான டோஸைத் தேடும் இந்தச் சோதனையில் அதிகம் பிசகுவது, மருந்தின் அளவை அறிய ரத்தம் எடுக்கும் நாளில்தான். மருந்துக்கு முன் ஒன்று, பிறகு அரை மணி, 1, 2, 4, 8 மணி, மறுநாள் 24ஆம் மணி என்று வரிசை போகும். 2 மணி மாதிரி பத்து நிமிடம் தாமதமானால் பெரிய கேடில்லை. அதைச் சரியாக 2 மணிக்கே எடுத்ததாக எழுதுவதுதான் கேடு. எடுத்த நிமிடத்தை அப்படியே எழுதினால் பகுப்பாய்வில் அதைக் கணக்கில் கொள்வார்கள். பொய் நேரத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மருந்து ஏறுகிற கையிலோ அதே போர்ட்டிலோ (தோலுக்கடியில் பொருத்திய மருந்தேற்றும் வாய்) ரத்தம் எடுக்கவே கூடாது. குழாயில் தங்கிய மருந்து கலந்து, அளவு தாறுமாறாகக் கூடிக் காட்டும்.

——

ரத்தத்தில் கிடைக்கும் அந்த எண்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், குழு சிறியது. 3+3 முறையில் மூன்று பேருக்கு ஒரு டோஸ். முதல் சுற்றில், பெரும்பாலும் 21 அல்லது 28 நாளில், எவருக்கும் கடும் நச்சுவிளைவு இல்லையென்றால் அடுத்த டோஸ். ஒருவருக்கு வந்தால் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். இருவருக்கு வந்தால் டோஸ் ஏற்றுவது அங்கே நிற்கும். பக்கவிளைவே இல்லாமல் மாத்திரைகளை விட்டுவிட்டவரைக் கணக்கில் சேர்க்க முடியாது, அவருக்குப் பதில் இன்னொருவர் வேண்டும். ஆகவே மாத்திரை டைரியைத் தினமும் நிரப்ப நோயாளியிடம் சொல்லுங்கள், வருகைக்கு முந்தின இரவு மொத்தமாக அல்ல.

உடல் தாங்கும் உச்ச டோஸ்தான் சிறந்தது என்ற பழைய எண்ணமும் மாற வேண்டும். சோட்டோராசிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரை 2021இல் 960 மி.கி. அளவில் அனுமதி பெற்றபோதே, 240 மி.கி.யோடு ஒப்பிட்டுக் காட்டும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்டது.

——

பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து திசு எடுப்பது, பற்றியும் சொல்ல வேண்டும். கட்டி சுருங்குகிறதா வளர்கிறதா என்று பார்க்கும் ரெசிஸ்ட் 1.1 முறையில் அளக்க மொத்தம் 5 கட்டிகள் வரை, ஓர் உறுப்பில் 2 வரை எடுக்கலாம். ஸ்கேனில் குறைந்தது 10 மி.மீ., நிணநீர்க் கணு என்றால் அதன் குறுகலான பக்க அளவு 15 மி.மீ. அளக்கக் குறித்த கட்டியிலேயே ஊசி குத்தித் திசு எடுத்தால் அளவு மாறிவிடலாம். வேறு கட்டி இருந்தால் அதில் எடுக்கச் சொல்லுங்கள்.

மாத்திரை மருந்து என்றால், வெளி மருத்துவர் எழுதிய கிளாரித்ரோமைசின் (பாக்டீரியா எதிர்ப்பு மருந்து), இட்ராகொனசோல் (பூஞ்சை எதிர்ப்பு மருந்து) போன்றவற்றையும், எந்த மூலிகைப் பொடியையும் தொடங்குமுன் சோதனைக் குழுவைக் கேட்கும்படி நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். கல்லீரல் மருந்தை உடைக்கும் வேகம் அவற்றால் மாறி, பாதுகாப்பான டோஸ்கூட நச்சளவுக்குப் போகலாம்.