பள்ளி நிர்வாகத்துக்கு அமெரிக்க அசோசியேட் டிகிரி: கோபியில இருந்து படிச்சா செல்லுமா?

கேட்டவர்: கோபி ஆபீஸ்

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி ஆபீஸ்ல வேலை. பாரதியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ பி.காம். ரெண்டு வருஷம் போனது, மூணாம் வருஷம் போகலை. அமெரிக்காவுல ஒரு கம்யூனிட்டி காலேஜ் பள்ளி நிர்வாகத்துக்கு ஆன்லைன்ல அசோசியேட் டிகிரி தர்றாங்க. அது நம்ம ஊர்ல டிகிரின்னு செல்லுமா? அதை வெச்சுப் பிரின்ஸிபால் ஆக முடியுமா? வேலை பார்த்துக்கிட்டே படிக்க வாரம் எவ்வளவு நேரம் வேணும்? ரெண்டு மூணு வருஷத்துல குடும்பத்தோட நியூஜெர்ஸி போற வாய்ப்பும் இருக்குதுங்க.

நொய்யல்கரை

நேரக் கணக்குல இருந்து ஆரம்பிக்கறேனுங்க, இழுத்துப் பிடிக்க முடியாம படிப்பை விடறது அங்கதான். அசோசியேட் டிகிரின்னா அங்க ரெண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு, வழக்கமா 60 கிரெடிட். கிரெடிட்ங்கறது பாடத்தோட அளவைக் கணக்குப் போடற அலகு. பாடத்துக்கு 3 கிரெடிட்னு வெச்சா 20 பாடம். 1 கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் சொந்தமா படிக்கறது, இப்படி 15 வாரம். அப்ப ஒரு பாடத்துக்கே வாரம் 9 மணி நேரம். ரெண்டு வருஷத்துல முடிக்கணும்னா செமஸ்டருக்கு 5 பாடம், வாரம் 45 மணி நேரம். ஆபீஸ் வேலையோட அது ஆகவே ஆகாது. ரெண்டு பாடம் எடுத்தா 18 மணி நேரம். சம்மர் செமஸ்டரையும் விடாம படிச்சா மூணரை வருஷம் பிடிக்கும். அந்த சம்மர் செமஸ்டர் மே, ஜூன்ல வரும். நமக்கு டி.சி., அட்மிஷன், புத்தகம்னு ஆபீஸ் திணறற நேரமும் அதேதான். வகுப்பு நேரலையா, எப்ப வேணா பார்த்துக்கலாமான்னும் கேட்டுக்குங்க. நியூஜெர்ஸியில சாயங்காலம் 7 மணி வகுப்புன்னா நமக்கு மறுநாள் விடியக்காலம் 4.30, அவங்க குளிர்காலத்துல 5.30.

பிரின்ஸிபால் வேலைக்கு இது போதாதுங்க. அமெரிக்காவுலயே அரசுப் பள்ளி முதல்வருக்குப் பெரும்பாலான மாநிலங்கள்ல முதுகலை, வகுப்பெடுத்த அனுபவம், மாநில உரிமம் எல்லாம் கேப்பாங்க. அசோசியேட் வெச்சுப் பள்ளிச் செயலாளர், வருகைப் பதிவு, அட்மிஷன் ஆபீஸ் மாதிரி வேலைக்குப் போகலாம். வகுப்புல ஆசிரியருக்கு உதவியாளரா போறவங்களுக்கும் இது கை கொடுக்கும். டைட்டில் ஒன்னு, ஏழைப் பிள்ளைங்க அதிகமா இருக்கற பள்ளிக்கு அமெரிக்க மத்திய அரசு தர்ற நிதி வாங்கற பள்ளிகள்ல அந்த வேலைக்கு அசோசியேட், இல்லீன்னா ரெண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு, அதுவும் இல்லீன்னா ஒரு தேர்வுல தேறணும்னு அந்த நாட்டு மத்திய அரசு விதியே இருக்குது.

பாடத்திட்டத்தையும் பிரிச்சுப் பாருங்க. கணிசமான பகுதி ஆங்கிலக் கட்டுரை, கணக்கு, உளவியல்னு பொதுப் பாடம். மிச்சம் பள்ளிச் சட்டம், பட்ஜெட், பதிவேடு. அந்தச் சட்டப் பாடம் முழுக்க அவங்க நாட்டுச் சட்டம். மாணவர் பதிவேட்டு ரகசியத்துக்கு ஃபெர்பான்னு ஒரு சட்டம், மாற்றுத்திறன் பிள்ளைகளோட படிப்புக்கு ஐடியான்னு ஒரு சட்டம். கோபியில உக்காந்து டி.சி. எழுத அது உதவாது.

திருச்செங்கோடு டீச்சர்

நம்ம ஊர் பக்கத்தை மட்டும் சொல்றேன் கண்ணு. ரெண்டு வருஷ அசோசியேட்டை இங்க மூணு வருஷ இளங்கலைக்குச் சமமா எடுக்க மாட்டாங்க. அதை வெச்சு எம்.ஏ., எம்.காம். சேரவும் முடியாது. மெட்ரிக், சி.பி.எஸ்.இ. எதுவானாலும் முதல்வர் நாற்காலிக்கு முதுகலை, பி.எட்., ஆசிரியர் அனுபவம் மூணும் வேணும்.

அதனால முதல்ல பாதியில விட்ட அந்த பி.காம்.-ஐப் பிடி. படிச்ச கல்லூரியில ரீ-அட்மிஷன் கேளு. பல்கலைக்கழகம் வெச்சிருக்கற அதிகபட்சக் காலக்கெடு தாண்டலைன்னா ஒரே வருஷத்துல முடிஞ்சுரும். தாண்டிருச்சுன்னா இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.காம்., குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6. டிகிரி கையில வந்ததும் இக்னோவுலயே கல்வி மேலாண்மை, நிர்வாகத்துக்கு முதுகலை டிப்ளமோ இருக்குது, ஒரு வருஷத்துல முடிக்கலாம். அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள்ள குடுக்காம விட்டாத்தான் அது இழுக்கும். பரீட்சையில பாஸானாலும் அசைன்மென்ட் மார்க் ஏறாம ரிசல்ட் முழுசாகாது.

ஆபீஸ் மேனேஜர் வேலைக்கு இங்க எதிர்பார்க்கறது வேற. எமிஸ்ங்கற அரசோட பள்ளி மாணவர் தகவல் தளத்துல, பள்ளி மாறற பிள்ளையைக் காமன் பூல்ங்கற பொதுப் பட்டியலுக்கு அனுப்பறது, அதுல இருந்து எடுக்கறது. ஆதார்ல பேர் ஒரு எழுத்து மாறியிருந்தா டி.சி. குடுக்கறதுக்கு முன்னாலயே திருத்தறது; கல்வி உரிமைச் சட்ட 25 சதவீத இடத்துக்கான பதிவேடு; கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று தேதி முடியறதுக்குள்ள புதுப்பிக்கறது. பி.எஃப். ஊழியர் பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ. ஊழியருக்கு 0.75, பள்ளிக்கு 3.25, சம்பளம் 21,000 வரைக்கும். ரெண்டுமே அடுத்த மாசம் 15-க்குள்ள கட்டணும். இது அத்தனையும் தெரிஞ்ச ஆளை எந்தத் தாளாளரும் விட மாட்டாங்க.

கோபி ஆபீஸ்

ரொம்ப நன்றிங்க டீச்சர், நன்றிங்கண்ணா. நியூஜெர்ஸி போறது உறுதியாச்சுன்னா அப்பவும் பி.காம்.தான் முதல்லயா?

நொய்யல்கரை

அப்பவும் அதுதானுங்க. முடிச்ச மூணு வருஷ பி.காம்.-ஐ அங்க வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடற நிறுவனங்கள்ல சிலது முழு இளங்கலையாவே எடுக்கும், சிலது மூணு வருஷக் கல்லூரிப் படிப்புன்னு எடுக்கும். எப்படிப் பார்த்தாலும் அசோசியேட்டுக்கு மேலதான்.

முடிக்காமலே போக வேண்டி வந்தா, போன பின்னால அங்க கவுண்டி காலேஜ்ல சேருங்க. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி; அங்க கம்யூனிட்டி காலேஜைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. அந்தக் கவுண்டியில குடியிருக்கறவங்களுக்குக் கட்டணம் குறைவு. உங்க விசா அதுக்குத் தகுதியான்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்குங்க. இங்க படிச்ச ரெண்டு வருஷத்தையும் பாடம் பாடமா மதிப்பீடு பண்ணிக் குடுத்தா அந்த 60-ல கொஞ்சம் கிரெடிட் கழியும்.

சேரும்போது அசோசியேட்லயே ஏ.ஏ. (கலை) அல்லது ஏ.எஸ். (அறிவியல்) பிரிவு பார்த்து எடுங்க. 2007-ல வந்த லாம்பிட் சட்டத்தால, நியூஜெர்ஸி கவுண்டி காலேஜ்ல அந்த ரெண்டுல ஒண்ணை முடிச்சு அதே மாநில அரசு நாலு வருஷக் கல்லூரியில இடம் கிடைச்சா முதல் ரெண்டு வருஷமா அப்படியே எடுத்துக்குவாங்க. ஏ.ஏ.எஸ். (பயன்பாட்டு அறிவியல்) பிரிவுக்கு அந்த உறுதி கிடையாது. நேரா வேலைக்குப் போறவங்களுக்கான படிப்பு அது. நிர்வாகம்னு பேர் போட்டிருக்கறது பல இடத்துல இந்தப் பிரிவுலதான் வரும். இன்னொண்ணு, நுழைவுத் தேர்வுல ஆங்கிலமோ கணக்கோ குறைஞ்சா அடிப்படைப் பாடம் படிக்கச் சொல்லுவாங்க. அதுக்குக் காசு உண்டு, 60-ல கணக்கு வராது. தேர்வுக்கு முன்னால பின்னத்தையும் சமன்பாட்டையும் ஒருக்கா புரட்டிட்டுப் போங்க.

பவானி கூடுதுறை

ஏஜென்ட் மூலமா சேராதீங்க. காலேஜ் பேரை அமெரிக்கக் கல்வித் துறையோட அங்கீகாரப் பட்டியல்ல நீங்களே தேடுங்க, காசு செலவில்லை. 'சர்வதேச அங்கீகாரம்'னு மட்டும் போட்டு, அங்கீகாரம் குடுத்த அமைப்போட பேரைச் சொல்லலைன்னா விட்டுருங்க. வேலை அனுபவத்துக்கே டிகிரி தர்றோம்னா அது வெறும் காகிதம்.

மதிப்பீட்டுக்கு மார்க்‌ஷீட் நகலை நீங்க அனுப்பினா ஏத்துக்க மாட்டாங்க. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுல இருந்து நேரா போகணும், இல்லீன்னா அவங்க ஒட்டி முத்திரை வெச்ச உறையில போகணும். மார்க்‌ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருந்தா ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கச் சொல்லி ஃபைல் நின்னுரும். நோட்டரி முன்னால ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, பத்தாவது மார்க்‌ஷீட்டையும் சேர்த்து இங்க இருக்கும்போதே தயார் பண்ணிக்குங்க. அங்க போயிட்டா இதுக்கு ஆள் தேடறது பெரும்பாடு.