புதுப்பிப்பு: பாடிக்கொண்டே கிதார் வாசிக்கும்போது குரல் மைக்கில் கிதார் ஒலி விழும் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது

வழி சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் எழுதிய ஜாஸ் பாடல்களை அகூஸ்டிக் ஆல்பமாகப் பதிவு செய்கிறேன். நைலான் தந்திக் கிதாரை வாசித்தபடியே பாடுவதால் குரல் மைக்கில் கிதார் ஒலியும் பலமாக விழுகிறது என்று கேட்டிருந்தேன்.

பலர் சொன்னபடி முதலில் குரலையும் கிதாரையும் தனித்தனியாகப் பதிந்தேன். ஒலி சுத்தம்தான், ஆனால் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சொல்லை விடும் அந்த நடை போய்விட்டது. அது இல்லாமல் ஜாஸ் எதற்கு?

கைகொடுத்தது '8' வடிவில் ஒலி வாங்கும் மைக் யோசனை. 1930களின் ரிப்பன் மைக்குகளைப் (மெல்லிய உலோகப் பட்டை கொண்டவை) போல இது முன்னும் பின்னும் கேட்கும். பக்கவாட்டிலும் மேல், கீழ் முனைகளிலும் ஏறக்குறைய செவிடு. குரல் மைக்கின் அடிப்பகுதி கிதாரை நோக்கும்படியும், கிதார் மைக்கின் உச்சி என் வாயை நோக்கும்படியும் சாய்த்தோம். மைக்கை விரலளவு நகர்த்தினாலே வித்தியாசம் கேட்கிறது. ஹெட்போனில் கேட்டபடி ஒருவர் நகர்த்துவது நல்லது.

எதிர்பாராதவை இரண்டு. இவ்வகை மைக்கின் அருகில் பாடினால் கீழ்ஸ்தாயி மிகவும் தடித்துவிடுகிறது. சுமார் 30 செ.மீ. தள்ளி நின்றதும் சரியானது. அடுத்து, மைக்கின் பின்புறம் கண்ணாடிச் சுவரின் எதிரொலியை வாங்கியது. அங்கே தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டோம்.

ஒரு மைக்கில் மற்றதன் ஒலி கசிவது முழுவதும் போகவில்லை. அதனால் ஒரு வரியை மட்டும் பிறகு மாற்றி ஒட்டுவது இன்னும் கடினம். முழுப் பாடலையும் மறுபடி பாடுகிறேன்.