கடை பெயரில் போட்ட வழக்கு ரிட்டர்ன் ஆகிவிட்டது. வாதி யார்?

பெயிண்ட்_கடை:
வணக்கம். ஒரு கட்டட கான்ட்ராக்டர் நிறுவனம் எங்களிடம் பெயிண்ட், பைப் எல்லாம் கடனுக்கு எடுத்துவிட்டு 4 லட்சத்துச் சொச்சம் பாக்கி வைத்திருக்கிறது. பிராதில் (வழக்கு மனுவில்) வாதி என்ற இடத்தில் கடை பெயரும், கீழே 'மேனேஜர்' என்று என் பெயரும் போட்டிருந்தோம். "வாதி எந்தத் தகுதியில் வழக்கு தொடர்கிறார்?" என்று எழுதிக் கோர்ட்டில் திருப்பிவிட்டார்கள். இன்னும் நம்பர் ஆகவில்லை (வழக்கு எண் கிடைக்கவில்லை). பில் எல்லாம் கடை பெயரில்தானே இருக்கிறது?

ஜூனியர்_வக்கீல்:
பார்ட்னர்ஷிப்பா? அப்படியானால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 30 விதி 1 படி ஃபர்ம் பெயரிலேயே போடலாம். ஆனால் 1932 கூட்டாண்மைச் சட்டம் 69(2) குறுக்கே வரும். ஃபர்ம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றை இணைத்து மறுபடி தாக்கல் செய்யுங்கள்.

பெயிண்ட்_கடை:
பார்ட்னர் யாரும் இல்லை சார். கடை அம்மாவுடையது, ஜிஎஸ்டியும் அவர் பெயரில். பார்த்துக்கொள்வது மட்டும் நான்.

பழைய_சிரஸ்தார்:
அப்போ தம்பி சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. ஒருவரே நடத்தும் கடை, சட்டத்தின் கண்ணில் தனி ஆள் இல்லை. அம்மாதான் வாதி. வேடிக்கை என்னவென்றால், உங்கள் கடை மேல் யாராவது வழக்குப் போட்டால் கடை பெயரிலேயே போடலாம், அதே கட்டளை 30இன் விதி 10 இடம் தருகிறது. கடை போய் வழக்குப் போடத்தான் வழியில்லை.

இப்படி எழுதச் சொல்லுங்கள்: "(அம்மா பெயர்), க/பெ …, வயது …, (கடை பெயர்) என்ற பெயரில் வியாபாரம் செய்பவர், (முழு முகவரி) – வாதி". பெயர், விவரம், இருப்பிடம் மூன்றும் கட்டளை 7 விதி 1 கேட்பவை. பிராதின் உள்ளேயும் முதல் பத்தியில் கடைக்கு அம்மாதான் உரிமையாளர் என்று ஒரு வரி வரட்டும், ஜிஎஸ்டி சான்றை ஆவணமாகக் காட்டுங்கள். 'மேனேஜர்' என்பதை அடித்துவிடுங்கள்.

பெயிண்ட்_கடை:
அம்மாவுக்கு முட்டி வலி, கோர்ட்டுக்கு அலைய முடியாது. என் பெயரில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதினால் நான் வாதி ஆகிவிடுவேனா?

பழைய_சிரஸ்தார்:
ஆக மாட்டீர்கள். அம்மா பெயருக்குக் கீழே "பவர் ஏஜென்ட் மூலம்" என்று உங்கள் பெயர் வரும், அவ்வளவுதான். சாட்சிக் கூண்டில், அம்மாவுக்கு மட்டுமே தெரிந்ததை அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்ல முடியாது என்று 2004இல் ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரக்கு அனுப்பியது, பாக்கி கேட்டது எல்லாம் நீங்களே செய்தவை, அதனால் கவலை இல்லை.

ஜூனியர்_வக்கீல்:
சார் சொல்வதுதான் சரி. ஒன்று மட்டும்: தவணை பேசாத கடன் என்றால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு. பழைய பில்களை உடனே பாருங்கள். நம்பர் ஆன பிறகு வாதியை மாற்றினால், புது வாதியைச் சேர்க்கிறார்கள் என்று 1963 காலவரையறைச் சட்டம் பிரிவு 21ஐ (புது வாதியைச் சேர்த்த நாளில்தான் அவர் வழக்குப் போட்டதாகக் கணக்கு) எதிர்த் தரப்பார் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பெயிண்ட்_கடை:
நன்றி. எதிர்த் தரப்பு பார்ட்னர்ஷிப்தான், ஆனால் பதிவு செய்யாதது. அவர்கள் பெயரை எப்படிப் போடுவது?

ஜூனியர்_வக்கீல்:
69(2) அவர்கள் வழக்குப் போடுவதைத்தான் தடுக்கும். ஃபர்ம் 1ஆம் பிரதிவாதி, உங்களுக்குத் தெரிந்த பார்ட்னர்கள் 2, 3 என்று போடுங்கள்.